பாடியவர் பலர், ஆக்கியவர் எங்கே?

ஒரு பாட்டை ஒருவர் பாடிப் புகழ்பெறுவது இயல்பு. அதே பாட்டை வேறொருவர் பாடி அவரும் புகழ்பெறுவதும், பின்னர் மூன்றாமவர் நான்காமவர் வாயிலும் அது வாகைசூடுவதும் மேல்நாட்டு இசைத்தட்டு வாணிகத்திற் பலகாலும் நிகழ்ந்த செய்தியாகும். அத்தகைய பாட்டைப் பற்றிப் பேசுவோர், எவர் பாடியது சிறந்தது என்றே வாதிடுவர். முதலிற் கேட்கவேண்டிய வினா அதுவன்று. அதனை ஆக்கியவர் யார், அவர் பெற்ற பயன் யாது என்பதே முதல் வினாவாதல் வேண்டும் என்பது எமது துணிபு.

சான்றாக ஒரு பாட்டின் வரலாற்றை நோக்குவோம். தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்திற் பிறந்த சூலு இனத்தவராகிய சொலமன் லிண்டா, பிழைப்பை நாடி யொகன்னஸ்பேர்க் நகருக்கு வந்தவர். அங்கே இசைத்தட்டுக் கம்பனி ஒன்றிலே தட்டுக்களைப் பொதிசெய்யும் தொழிலாளியாய் இருந்தவர். 1939ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் தோழரும் அக்கம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்திற் பாடிய பாட்டு 'இம்புபே' என்பது. சூலு மொழியிலே சிங்கம் என்பது அதன் பொருள். தோழர்கள் ஒரு தொடரையே தாழ்ந்த குரலில் மீண்டும் மீண்டும் இசைக்க, லிண்டாவின் குரல் அதற்கு மேலாக உயர்ந்து தன்போக்கிற் சஞ்சரிக்கும். பாட்டின் இறுதியில், முன்னே ஆயத்தஞ் செய்யாது அவ்வேளையிலே அவர் வாயிற் பிறந்த சிறியதோர் இசைத்தொடரே பின்னாளில் உலகெங்கும் பரவியது. பாட்டின் உரிமைக்கென அவர் பெற்ற தொகை பத்துச் சில்லிங் என்பர்.

அத்தட்டு கடல்கடந்து, பீற் சீகர் என்னும் அமெரிக்கப் பாடகர் கைக்குச் சேர்ந்தது. 'உயிம்புபே' என்ற சூலுத் தொடர் அவர் செவிக்கு 'விமோவே' என்று கேட்டது. அவர் சார்ந்த வீவர்ஸ் குழுவினர் 1952இல் அப்பெயராலேயே பாடி, அமெரிக்க விற்பனை வரிசையில் இடம்பெற்றனர். 1961இல் புதிய ஆங்கிலச் சொற்கள் புனையப்பட்டு, 'த லயன் ஸ்லீப்ஸ் ருனைற்' என்ற பெயருடன் ரோக்கன்ஸ் குழுவினர் பாட, அது முதலிடத்தையே பிடித்தது. 1962இல் இங்கிலாந்திலே கார்ல் டென்வர் பாடி நான்காம் இடத்தையும், 1972இல் அமெரிக்காவிலே றொபேட் ஜோன் பாடி மூன்றாம் இடத்தையும், 1982இல் மீண்டும் இங்கிலாந்திலே ரைற் பிற் குழுவினர் பாடி முதலிடத்தையும் பெற்றனர். 1994இல் டிஸ்னி நிறுவனத்தாரின் 'லயன் கிங்' திரைப்படத்திலும் அது ஒலித்தது. லிண்டாவோ 1962ஆம் ஆண்டிலேயே வறியவராக மாண்டார்.

இசை யாவர்க்கும் பொது. பலர் பாடுவதாலன்றோ பாட்டு வாழ்கின்றது என்று சிலர் கூறுவர். உண்மையே. பின்வந்தோர் பாடியதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. புதுச்சொல் புனைந்தோர்க்கும், இனிய குரல் ஈந்தோர்க்கும் உரிய பங்கு உண்டு. ஆனால், பாட்டு பொதுச்சொத்து என்று உரைத்தவர்கள் அதனால் வந்த பணத்தைப் பொதுவாக்கவில்லை. ஆக்கியவர் ஒருவர்க்கு மட்டுமே அது பொதுவாயிற்று. ஏனையோர்க்குத் தனியுடைமையாகவே இருந்தது.

2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க எழுத்தாளர் ரியான் மலான் என்பார் எழுதிய கட்டுரையே இவ்வநீதியை உலகறியச் செய்தது. லிண்டாவின் மக்களுக்கு வழிகாட்டியது ஒரு பழஞ்சட்டம். 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் தம் உரிமையை விற்றுவிட்டபோதிலும், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின் அது அவருடைய வழித்தோன்றல்களுக்கு மீளும். அவ்விதியை ஆதாரமாகக் கொண்டு 2004இல் வழக்குத் தொடரப்பட்டது. 2006இல் உடன்பாடு ஏற்பட்டு, குடும்பத்தார்க்குப் பணமும், லிண்டாவுக்கு இணையாசிரியர் என்ற பெயரும் கிடைத்தன. அப்போது அவர் இறந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன.

இதனோடு மற்றொரு வரலாற்றை ஒப்பிடுக. அமெரிக்கப் பாடகியார் டொலி பார்ற்றன் தாமே இயற்றிய 'ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ' என்ற பாட்டை 1974இலும் 1982இலும் பாடி, அந்நாட்டுக் கிராமிய இசை வரிசையில் இருமுறையும் முதலிடம் பெற்றார். புகழ்மிக்க எல்விஸ் பிரெஸ்லி அதனைப் பாட விரும்பியபோது, அவருடைய முகாமையாளர் உரிமையிற் பாதியைக் கேட்டார். பார்ற்றன் மறுத்துவிட்டார். 1992இல் விற்னி ஹூஸ்ரன் அதனைப் பாட, பதினான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. பாடியவர் ஒருவராயினும் மற்றொருவராயினும், ஆக்கியவரின் பெயரும் பங்கும் அவருக்கே உரியனவாயிருந்தன. இவ்விருவரையும் வேறுபடுத்தியது திறமையன்று. ஒருவர் தாம் கையொப்பமிடும் தாளின் பொருளை அறிந்திருந்தார். மற்றவர், வெள்ளையர் ஆண்ட நாட்டிலே கேட்பாரற்ற கறுப்பினத் தொழிலாளியாயிருந்தார்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். திருஞானசம்பந்தர் தம் பதிகத்தின் நிறைவிலே திருக்கடைக்காப்பாகத் தம் பெயரை அமைத்தார். கீர்த்தனை இயற்றியோர் தம் முத்திரையைச் சரணத்திற் பொறித்தனர். ஆயிரம் ஓதுவாரும் வித்துவான்களும் பாடினும், ஆக்கியவர் பெயர் பாட்டுடன் கூடவே பயணஞ்செய்கின்றது. இன்றைய பாட்டுக்கு அத்தகைய காவல் இல்லை. ஆதலின் அக்காவலை நாமே செய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விழாவின் நிகழ்ச்சி நிரலிலே பாடுவோர் பெயரைத் தவறாது அச்சிடுகின்றோம். அதன் கீழே இயற்றியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் அச்சிடுங்கள். அதற்கு மேலதிகமாக வேண்டுவது ஒரே ஒரு வரிதான். அவ்வொரு வரியைப் பெறுதற்கே லிண்டாவின் மக்கள் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது.