பவுன் அவளுடையது, ரசீது யாருடையது?

கல்யாணம் முடிந்த சில நாட்களிலேயே பல வீடுகளில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. மணப்பெண் அணிந்திருந்த நகைகளில் தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் தவிர மற்றதெல்லாம் மாமியாரின் பீரோவுக்கோ கணவர் பெயரில் உள்ள லாக்கருக்கோ போய்விடும். பத்திரமாக இருக்கட்டும் என்பதுதான் காரணம். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணமும் இருப்பதில்லை. ஆனால் எத்தனை பவுன், எந்தெந்த உருப்படி, யார் போட்டது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. நம் குடும்பங்களில் பெரும்பாலான பெண்களுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே சொத்து இந்தத் தங்கம்தான். நிலத்துக்குப் பட்டா, வீட்டுக்குப் பத்திரம் என்று அலைகிற நாம், அவளுடைய நகைக்கு மட்டும் எழுத்தே வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். கல்யாணத்தன்றே நகைப் பட்டியல் எழுதி, ரசீதுகளோடு பெண்ணின் கையில் கொடுப்பது வழக்கமாக வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பெண்ணுக்கு வந்த நகையும் அன்பளிப்பும், அதாவது ஸ்திரீதனம், மனைவியின் முழுச் சொத்து, கணவரும் அவர் வீட்டாரும் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்களே, திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடி என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டில் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் பட்டியல் விதிகளும் வந்தன. மணப்பெண்ணுக்கு வந்த அன்பளிப்புகளைக் கல்யாணத்தின்போதோ உடனடியாகவோ எழுத வேண்டும். பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் இருக்க வேண்டும். மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியல் மணப்பெண்ணிடமே இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக இருக்கும் இந்த விதியை எத்தனை கல்யாண மண்டபங்களில் பார்த்திருக்கிறோம்?

எழுத்து இல்லாததன் விலையைக் கேரளத்து வழக்கு ஒன்று காட்டுகிறது. 2003-இல் மணமான ஒரு பெண், பிறந்த வீட்டில் தனக்குப் போட்ட 89 பவுன் நகையைக் கணவர் முதல் இரவிலேயே வாங்கித் தன் தாயிடம் பத்திரமாகக் கொடுத்தார் என்றும், பிறகு அது அவர்களுடைய கடனுக்குப் போய்விட்டது என்றும் முறையிட்டார். குடும்ப நீதிமன்றம் 2011-இல் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், நகை கையாடப்பட்டது நிரூபணமாகவில்லை என்று அதை மாற்றியது. 2024 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் ஸ்திரீதனத்தின் மேல் கணவருக்கு உரிமை கிடையாது என்று மறுபடி உறுதிசெய்து, 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. கல்யாணம் நடந்து இருபது ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது.

நீதிமன்றம்வரை போகாத இழப்புகள் இதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன். நகைக்கடனுக்கு யார் கொண்டு வருகிறாரோ அவர் பெயரில்தான் அடகுச் சீட்டு. ரசீது இல்லையென்றால் ‘என்னுடையதுதான்’ என்ற உறுதிமொழியே பெரும்பாலும் போதும். ஏல அறிவிப்பும் அவர் பெயருக்கே வரும். நகை முழுகிப்போன பிறகுதான் அது போன செய்தி பெண்ணுக்குத் தெரியவரும். பழையதைப் போட்டுப் புதியது எடுக்கும்போதும் இதே கதைதான். தாய்வீட்டுச் சங்கிலி உருகி, சேதாரமும் செய்கூலியும் கழிந்து, கணவர் பெயரில் ஒரு புதிய பில்லாகத் திரும்பி வருகிறது.

பட்டியல் கேட்டால் சம்பந்தி வீட்டை நம்பவில்லை என்று ஆகாதா என்பார்கள். நூற்றியொரு ரூபாய் மொய்யைக்கூட ஊர், பெயர் போட்டு நோட்டில் எழுதி, தலைமுறை தாண்டியும் புரட்டிப் பார்க்கிறவர்கள் நாம். அதை யாரும் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டியல் எழுதுவது வரதட்சணைக்கு மரியாதை தருவதாகாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. கேட்டு வாங்குவது குற்றம். எழுதி வைப்பதால் அது குற்றமில்லாமல் போய்விடாது. அப்படி வாங்கியதைக்கூடப் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் அதே சட்டத்தின் கட்டளை. எழுதாமல் விடும் வீட்டில் வரதட்சணை குறைவதில்லை, அதற்கான சாட்சிதான் குறைகிறது. நகையே வேண்டாம், தங்க நாணயமாகக் கொடுங்கள் என்பாரும் உண்டு. செய்கூலிக் கணக்கில் அது சரிதான். ஆனால் உருப்படிக்கு இருக்கும் அடையாளம் நாணயத்துக்கு இல்லை. ஒரு 8 கிராம் காசும் இன்னொன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நாணயத்துக்கு ரசீது இன்னும் முக்கியம்.

இப்போது இது முன்பைவிட எளிது. 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருந்தாக வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் தரமும் ஹால்மார்க் போடவைத்த நகை வணிகரும் தெரியும். உரிமையாளர் யார் என்று அது சொல்லாது. அந்தக் குறியீட்டை மணப்பெண் பெயரிலுள்ள பில்லிலும் பட்டியலிலும் எழுதிவிட்டால் நகையும் ஆளும் பொருந்திவிடும். பாட்டி வழியில் வந்த அட்டிகைக்கும் காசுமாலைக்கும் குறியீடு இருக்காது. அவற்றை எடை போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து, காசுமாலையில் எத்தனை காசு, அட்டிகையில் எத்தனை கல், யார் கழுத்திலிருந்து வந்தது என்று எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கீழே கையெழுத்துப் போடலாம்.