மனிங்கின் கிண்ணமா, மில்லரின் கிண்ணமா?

அமெரிக்கன் ஃபுட்போலில் "தடுப்பாட்டம்தான் கிண்ணத்தை வெல்லும்" எண்டு ஒரு பழைய பேச்சு இருக்கு. எல்லாரும் தலையாட்டுவினம். ஆனா மட்ச் முடிஞ்சதும் கமெரா தேடிப் போறது பந்தை வீசுற குவார்ட்டர்பெக்கைத்தான். துடுப்பாட்டக்காரருக்கே போஸ்டர் அடிச்சுப் பழகின கிறிக்கெட் ரசிகர்களான எங்களுக்கு இது புதுசில்லை.

அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை? பேட்டன் மனிங் என்ற ஒரே குவார்ட்டர்பெக்கின் இரண்டு இறுதிப்போட்டிகளை எடுத்துப் பார்ப்பம்.

2013 பருவத்தில் மனிங் 55 டச்டவுண் வீசினார். அவருடைய டென்வர் அணி 606 புள்ளிகள் குவித்தது. இரண்டுமே சாதனை. 2014 பெப்ரவரியில் சூப்பர் போலில் எதிரே நின்றது, அந்தப் பருவத்தில் ஆகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த சியாட்டில். முடிவு 43-8. சியாட்டிலுக்கு.

இரண்டு வருசம் கழித்து மனிங்குக்கு 39 வயது. காயத்தால் பல வாரம் வெளியில். அந்தப் பருவத்தில் வீசிய டச்டவுண் 9, எதிரணி பறித்த பந்து 17. 2016 பெப்ரவரி 7, ஐம்பதாவது சூப்பர் போல். எதிரணி கரோலினா 16 ஆட்டத்தில் 15 வென்று, 500 புள்ளி அடித்து வந்திருந்தது. டென்வர் 24-10 என வென்றது.

எப்படி? மனிங்கின் கையால் இல்லை. அண்டைக்கு டென்வர் முன்னேறியது மொத்தம் 194 யார்ட்தான். சூப்பர் போல் வென்ற எந்த அணியும் அதுவரை அவ்வளவு குறைவாக முன்னேறியதில்லை.

இந்த ஆட்டத்தில் 10 யார்ட் முன்னேற நாலு வாய்ப்பு. குவார்ட்டர்பெக்குக்கு ஆள் பார்த்து வீச இரண்டு மூன்று விநாடி வேணும். டென்வர் திருடியது அந்த விநாடிகளைத்தான். பின்னால் நிண்டவர்கள் பந்து பிடிக்க வேண்டியவர்களை ஒட்டி மறித்தார்கள். கரோலினாவின் கேம் நியூட்டன் ஆள் தேடித் தாமதிக்க, விளிம்பிலிருந்து வொன் மில்லர் பாய்ந்தார். நியூட்டனை 6 தடவை நிலத்தில் விழுத்தினார்கள்.

முதல் கால்பகுதியில் மில்லர் பந்தைத் தட்டிப் பறிக்க, சக தடுப்பாட்டக்காரர் மலிக் ஜக்சன் அதன் மேல் விழுந்தார்: டச்டவுண். கடைசிக் கால்பகுதியில் 16-10. நாலு நிமிசமளவில் மிச்சம். மில்லர் திரும்பவும் தட்டினார். பந்து கோட்டுக்கு 4 யார்ட் கிட்ட டென்வர் கையில். அடுத்த டச்டவுண். அண்டைக்கு டென்வர் எடுத்ததே இந்த இரண்டுதான். சிறந்த ஆட்டக்காரர் விருதும் மில்லருக்குத்தான்.

ஆனா எல்லா வருசமும் இப்படியில்லை. 2018இல் பிலடெல்பியா 41-33 என நியூ இங்கிலாந்தை வென்றது தாக்குதலால்தான். அங்கையும் ஆட்டம் முடிய இரண்டு நிமிசமளவில் இருக்கேக்க, டொம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டியது ஒரு தடுப்பாட்டக்காரர், பிரண்டன் கிரஹாம்.

மனிங் அந்தக் கிண்ணத்தோடேயே ஓய்வு பெற்றார். பலருடைய ஞாபகத்தில் அது அவருடைய பிரியாவிடை. அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனா 55 வீசிய வருசம் தோற்றவர், 9 வீசிய வருசம் வென்றார். மாறியது அவருக்குப் பக்கத்தில் நிண்ட தடுப்பாட்டம். அடுத்த மட்ச் பார்க்கேக்க பந்தை விட்டிட்டு, அதை வீச விடாமல் ஓடி வாறவரைப் பாருங்கோ.