உழைப்பவனுக்கு ஊக்கம் எங்கிருந்து பிறக்கும்?

சுரங்கத் தொழிலாளரை ஊக்குவிப்பது எவ்வாறு என்னும் வினா எழும்போதெல்லாம், கூலிக்கு மேலே வெகுமதிப் பணம் கொடுங்கள் என்பதே முகாமையாளரின் முதல் விடையாக இருக்கிறது. பணம் வேண்டாதார் எவருமிலர். ஆனால், பணத்தைக் காட்டி மட்டும் மனிதனின் முழு உழைப்பையும் பெற்றுவிடலாம் என்பது வரலாறு ஒப்பாத கொள்கை. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களே இதற்குப் போதிய சான்று.

முன்னர் அங்கே, தாமே தேர்ந்துகொண்ட தோழரோடு சிறு குழுவாக நின்று, கரியை வெட்டுவது முதல் அள்ளி ஏற்றுவது வரை எல்லாவற்றையும் தொழிலாளர் செய்தனர். இயந்திரங்கள் வந்தபின், நீண்ட கரிச்சுவரில் நடந்த வேலை மூன்று வேளைகளுக்காகத் துண்டாடப்பட்டது. வெட்டுவோர் வேறு, ஏற்றுவோர் வேறு, ஒருவேளையார் விட்ட குறை அடுத்த வேளையாரின் தலையில் விழுந்தது. 1947 சனவரி 1ஆம் நாள் சுரங்கங்கள் அரசுடைமையாயின. உடைமையாளர் மாறினர், வேலையின் அமைப்பு மாறவில்லை.

எரிக் திரிஸ்ட் என்னும் ஆய்வாளரும், முன்பு சுரங்கத்தில் உழைத்தவரான கென் பாம்போர்த்தும் 1951இல் வெளியிட்ட ஆய்வு, நோய் எங்கேயுள்ளது என்பதைக் காட்டியது. குழுவின் பொறுப்பைப் பறித்ததே குற்றம். பின்னர் டர்காம் பகுதியில், வேலையையும் கூலியையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட குழுக்கள், அதே இயந்திரங்களைக் கொண்டே கூடுதலான கரியை எடுத்தன. வேலைக்கு வராதோர் தொகையும் குறைந்தது.

1966இல் இயந்திர முகப்புகளில் அளவுக்கூலி ஒழிக்கப்பட்டு நாட்கூலி வந்தது. வெவ்வேறு பகுதியினரின் நலன் ஒன்றாயிற்று. 1972இல் அவர்கள் ஒரே குரலாக எழுந்து வென்றனர். ஆனால் 1977இல் வெகுமதித் திட்டம் மீண்டும் தலைகாட்டியது. நாடளாவிய வாக்கெடுப்பில் தொழிலாளர் அதனை நிராகரித்தனர். எனினும் பகுதி பகுதியாக அது புகுத்தப்பட்டது. எதிர்த்த பகுதிச் சங்கங்கள் நீதிமன்றம் சென்றும் தடை கிடைக்கவில்லை. சட்டம் தடுக்காதது எல்லாம் நீதியாகிவிடுமா?

உற்பத்தி பெருகியதே என்பர் சிலர். குளத்துநீர் பாயும் வயலுக்கும் வானம் பார்த்த மானாவாரி வயலுக்கும் ஒரே மரக்காலால் அளந்து பரிசு கொடுத்தால், பரிசு பெறுவது உழைப்பா, நிலமா? கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடித்த கரிப்படை வாய்த்த பகுதி மிகுதியாகப் பெற்றது; மெல்லிய படையில் மல்லாடியவன் குறைவாகப் பெற்றான். 1984இல் பெரும் வேலைநிறுத்தம் வந்தபோது, நல்ல கரிப்படைகளையுடைய நொட்டிங்காம்சயரில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். அப்பிளவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் வெகுமதி வெட்டிய வாய்க்கால் அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

புல்மோட்டையில் கனிய மணலும் போகலவில் காரீயமும் எடுக்கும் எமது நாட்டுக்கும் இப்பாடம் பொருந்தும். வெகுமதியைக் கணக்கிடுமுன், வேலை எவ்வாறு பங்கிடப்பட வேண்டும், உயிர்ப் பாதுகாப்பு எவ்வாறு பேணப்பட வேண்டும் என்பவற்றில் தொழிலாளனுக்குச் சொல்லுரிமை வழங்குக. தன் சொல்லுக்கு மதிப்புள்ள இடத்தில் மனிதன் தானாகவே உழைப்பான். அம்மதிப்பை மறுத்துவிட்டுப் பணத்தை மட்டும் நீட்டுவோர், உழைப்பையும் இழப்பர். தொழிலாளரின் ஒற்றுமையையும் குலைப்பர்.