சைரனைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க!

பாக்கெட்டில் காசு இல்லை, மனசு முழுக்க ஊர் சுத்துற ஆசை. இந்த வியாதிக்கு நம்ம பசங்க புதுசா ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய ஆம்புலன்ஸ்!

விஷயம் இதுதான். ரிட்டயர் ஆன ஆம்புலன்ஸ் ஒண்ணை வாங்கணும். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் பெட், மருந்து அலமாரியில் நூடுல்ஸ் பாக்கெட், அட்டெண்டர் சீட்டுக்கு எதிரே லேப்டாப் டேபிள். பகலில் ஆபீஸ், ராத்திரி வீடு. காலையில் வேடந்தாங்கல் பறவைகளைப் பார்த்துட்டு, சாயங்காலம் உத்திரமேரூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து கோடிங். கேட்கவே ஜில்லுனு இருக்குல்ல?

ஐடியா ஒண்ணும் மொக்கை இல்லை. 2020 நவம்பரில் கேரள அரசு பஸ் கழகம், பழைய பஸ்களுக்குள்ளே படுக்கை போட்டு மூணாறு டிப்போவில் தங்கும் இடமாக்கியது. ஒரு படுக்கைக்கு ஒரு ராத்திரிக்கு 100 ரூபாய்! அதுக்கும் முன்னாடி, 1982-ல் என்.டி.ராமாராவ் ஒரு பழைய செவர்லே வேனைப் பிரசார வண்டியாக்கி 'சைதன்ய ரதம்'னு பேர் வெச்சார். மேடையும் அதுதான், தங்குற இடமும் அதுதான். மாசக்கணக்கில் ஆந்திரா முழுக்கச் சுத்தினார். 1983 ஜனவரியில் முதலமைச்சராகவே ஆயிட்டார்!

ஆனா உத்திரமேரூரில் அந்தப் பருப்பு வேகாது. இங்கே பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கி.பி. 921-ல் வெட்டினது. தேர்தலில் நிற்கணும்னா சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கணும்னு அதில் கண்டிஷன். வேனில் குடியிருக்கிறவங்க பேர் குடத்துக்குள்ளேயே போகாது மச்சி!

சரி, இன்ஜினீயரிங் மூளையோட யோசிப்போம். ஏன் ஆம்புலன்ஸ்? உயரமான கூரை வெச்ச வண்டிகளில் குனியாம நடமாடலாம். தரை, தண்ணி ஊத்திக் கழுவுற மாதிரி இருக்கும். உள்ளே லைட், அலமாரி, கைப்பிடிக் கம்பி எல்லாம் ரெடி. ஜன்னலில் பால் கண்ணாடி, அதனால கர்டன் செலவும் மிச்சம்.

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம். வண்டி பார்க்கப் போனா எல்லாரும் முதலில் ஓடோமீட்டரைத்தான் எட்டிப் பார்ப்போம். ஆம்புலன்ஸில் அது பாதிக் கதைதான் சொல்லும். ஆஸ்பத்திரி வாசலில் ஏ.சி.க்காக இன்ஜின் ஓடிக்கிட்டே நிற்கும். கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் தேயும். கூப்பிட்ட நிமிஷமே, சூடு ஏறாத இன்ஜினை முழு வேகத்தில் மிதிச்சிருப்பாங்க. பிரேக்கும் கிளட்ச்சும் பட்ட பாடு தனி.

ரெண்டாவது, தரை. ரத்தம் சிந்தின இடத்தைக் குளோரின் கரைசல் போட்டுத் துடைப்பாங்க. அந்தத் தண்ணி மேட்டுக்கு அடியில் இறங்கினா தகரத்தைச் சத்தமில்லாம தின்னும். மேலே பளபளன்னு இருக்கும், கீழே துரு. மேட்டைத் தூக்கி ஒரு ஸ்குரூ டிரைவரால குத்திப் பார்க்காம விலை பேசாதீங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர், குழாய் எல்லாத்தையும் விவரம் தெரிஞ்சவங்களை வெச்சு முதலில் கழட்டிடணும்.

அடுத்தது கரன்ட். இது நம்ம சப்ஜெக்ட். லேப்டாப் 60 வாட், 6 மணி நேரம், ஆக 360. சின்ன ஃபேன் 20 வாட், 8 மணி நேரம், 160. எல்.இ.டி. லைட் 10 வாட், 5 மணி நேரம், 50. செல்போனும் மோடமும் சேர்த்து ஒரு 80. மொத்தம் ஒரு நாளைக்கு 650 வாட் ஹவர். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 1,800 வாட் ஹவர் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரின்னா பாதிக்கு மேல இறக்கக் கூடாது. அப்படியும் 900 கையில நிற்கும். கூரையில் 200 வாட் சோலார் பேனல் போட்டா, நல்ல வெயில் நாளில் எல்லா நஷ்டமும் போக நம்ம 650 கிட்டத்தட்ட திரும்பி வந்துடும். இந்த பேட்டரியை வண்டி பேட்டரியோட நேரா கோக்காதீங்க. நடுவில் ஐசொலேட்டர் இல்லைன்னா, காலையில் ஊரே சேர்ந்து உங்க வண்டியைத் தள்ளணும்!

ஏ.சி.யா? ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஆயிரம் வாட் ஹவர் கிட்ட சாப்பிடும். கத்திரி வெயிலில் உத்திரமேரூர் பக்கம் தகர டப்பாவுக்குள்ளே ஏ.சி. இல்லாம உட்கார்ந்தா, இட்லிக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது. கூரைக்கு அடியில் இன்சுலேஷன், பகலில் புளியமரத்து நிழல். இதுதான் நம்ம பட்ஜெட் ஏ.சி.

கணக்குப் பார்க்கிறது ஈஸி. கஷ்டமே ஆர்.சி. புக்கில்தான் இருக்கு. மூணாறு பஸ் நின்ன இடத்துலயே நின்னது. நம்ம வண்டி ரோட்டில் ஓடணுமே! 2004 நவம்பரில் மத்திய அரசு போட்ட வாகனப் பட்டியலில் ஆம்புலன்ஸ் தனி, கேம்பர் வேன் தனி. ஒண்ணை இன்னொண்ணா மாத்தணும்னா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, அப்புறம்தான் வேலை. வேலை முடிஞ்ச 14 நாளுக்குள்ள தகவல் கொடுத்து ஆர்.சி.யில் ஏத்தணும். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பையே மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கறாரா சொல்லிடுச்சு. அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே, என்ன மாத்தப் போறோம்னு ஒரு பேப்பரில் வரைஞ்சு எடுத்துக்கிட்டு காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறிடுங்க.

அரசு ஆம்புலன்ஸ் ஏலத்துக்கு வரும்னு காத்திருக்கிறவங்களுக்கும் ஒரு சேதி. 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது. அதெல்லாம் நேரா உடைக்கிற இடத்துக்குத்தான் போகணும்.

இவ்வளவும் தாண்டி வண்டி வாங்கியாச்சுன்னு வைங்க. முதல் வேலை பெட் போடுறது இல்லை. சைரனையும், மேலே சுத்துற லைட்டையும் கழட்டுறது. முன்னாடி போற டிரைவர் கண்ணாடியில் நேரா படிக்கிறதுக்காக, பானெட்டில் 'ஆம்புலன்ஸ்'னு திருப்பி எழுதியிருக்குமே, அதைச் சுரண்டி எடுக்கிறது. சிவப்பு ஸ்டிக்கர், சிலுவைக் குறி எல்லாம் போகணும். முடிஞ்சா பெயின்ட்டே வேற.

"கெத்தா இருக்கே, இருந்துட்டுப் போகட்டுமே! டோல்கேட்ல சீக்கிரம் விடுவான்ல?"ன்னு ஒரு குரல் கேட்குது பாருங்க... அங்கேதான் பிரச்னையே.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து சீரியஸ் கேஸ்னா செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத்தான் பறக்கணும். அந்த ரோட்டில் வைக்கோல் ஏத்தின டிராக்டரும் ஷேர் ஆட்டோவும் ஒதுங்கினாத்தான் வழி. ஒதுங்காதவங்களுக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில்னு 2019-ல் சட்டமே திருத்தியிருக்காங்க. ஆனா அந்த டிராக்டர்காரர் அபராதத்துக்குப் பயந்தா ஒதுங்குறார்? உள்ளே யாரோ உயிருக்குப் போராடுறாங்கன்னு நம்பி ஒதுங்குறார். 2020 ஊரடங்கில் சில ஆம்புலன்ஸ்களில் பயணிகளை ஏத்திக்கிட்டுப் போய் மாட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு செய்தி வரும்போதும் அந்த நம்பிக்கையில் கொஞ்சம் தேயும்.

நேத்து சைரன் போட்டுக்கிட்டுப் போன வண்டி, இன்னிக்கு டீக்கடை வாசலில் பாட்டுப் போட்டுக்கிட்டு நின்னா, நாளைக்கு நிஜமான சைரனுக்கு அவர் ஒரு செகண்டாவது யோசிப்பார். அந்த ஒரு செகண்ட் உங்க வீட்டுத் தாத்தாவுக்கோ, எங்க தெருப் பிரசவத்துக்கோ தேவைப்படலாம்.

ஆம்புலன்ஸை விற்கிறவர் இன்ஜினை விற்கலாம், பாடியை விற்கலாம், நாலு டயரையும் விற்கலாம். வழிவிடுற ஜனங்களோட மனசை விற்க அவருக்கு உரிமை இல்லை, வாங்க நமக்கும் இல்லை.

சோ, ஊர் சுத்துங்க மக்களே, தாராளமா சுத்துங்க. பச்சையோ மஞ்சளோ, பிடிச்ச கலரை அடிங்க. பின்னாடி நிஜ ஆம்புலன்ஸ் வந்தா, முதல் ஆளா ஓரம் கட்டுங்க. அந்த வண்டியோட அருமை உங்க வண்டிக்குத் தெரியாதா என்ன?

அடுத்த வாரம் பார்ப்போம்!