தட்டப்படாத கதவு

உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், 1941ஆம் ஆண்டில் கொள்ளை வழக்கொன்றில் பிடிபட்டுச் சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவல்துறையின் ஐயம் நீங்கவில்லை. காவலர் இரவில் வந்து கதவைத் தட்டுவதும் கூவி எழுப்புவதும் வழக்கமாயின. உறக்கம் இழந்த அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1962இல் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இரவில் வீடு புகும் அவ்வழக்கத்தை நீக்கியது. எனினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றே பெரும்பான்மையோர் கருதினர். நீதிபதி சுப்பாராவ் அதற்கு உடன்படவில்லை. தன்னை ஒருவர் கண்காணிக்கிறார் என அறிந்தவர், கால்கள் கட்டப்படாத போதும் உரிமையோடு நடமாட இயலாது என்பது அவர் கருத்து. 2017 ஆகஸ்டு 24 அன்றுதான் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர்.

இன்று பல வீடுகளில் கதவைத் தட்டாமலே கண்காணிப்பு நுழைந்துவிட்டது. வெளியூரில் பணியாற்றும் மகன், தனித்திருக்கும் தாயின் நலங்கருதிக் கூடத்தில் கேமராவைப் பொருத்துகிறார். தாய் தவறி விழுந்தால் உடனே அறியலாம், அந்நன்மை சிறிதன்று. ஆனால், அத்தாயோ தம் வீட்டிலேயே விருந்தினர் போல் நிமிர்ந்து அமர்கிறார், அண்டை வீட்டாரிடம் மருமகளைக் குறைசொல்லவும் (அஃது இல்லாத வீடு ஏது?) சமையலறைக்குள் செல்கிறார். காவலரேனும் வந்து திரும்பிச் செல்வர், கேமரா திரும்புவதில்லை. அன்பினால் நேர்ந்த இதற்கு அவர் எந்த நீதிமன்றத்தை நாடுவார்? பொருத்துமுன் அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். வேண்டும்போது அணைத்துக்கொள்ளும் விசையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கலாம்.