பன்னிரண்டு வோல்ட்டும் ஒரு சுற்று டேப்பும்

"12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?"

மாணவ நண்பர்களே! இந்த ஒரு கேள்விதான் எங்கள் பொருட்காட்சி ரயிலை நடுவழியில் நிறுத்தியது.

1904-இல் வந்த மீட்டர்கேஜ், 2018-இல் அகலப்பாதையாக மீண்ட செங்கோட்டை–புனலூர் லைன்தான் எங்கள் மாடல். பதின்மூன்று கண் பாலத்தைத் தெர்மோகோலில் எழுப்பினோம். எஞ்சினுக்குள் ஒயர்களைச் சால்டர் வைத்து, கறுப்பு பி.வி.சி. டேப்பை இறுக்க இழுத்துச் சுற்றினோம். காலையில் ஜோராக ஓடிய வண்டி, நடுவர்கள் வந்த நேரம் பார்த்துப் பாலத்தில் நின்றுவிட்டது. "அண்ணே, சிக்னல் விழலையா?" என்றான் ஒரு பொடியன். மூன்று மாத உழைப்பு, போச்சு!

பிரித்துப் பார்த்தோம். மோட்டார் சூட்டில் பசை இளகி, இழுத்த டேப் பின்வாங்கி, வெறும் கம்பி உலோகச் சட்டத்தைத் தொட்டிருந்தது. அந்தச் சட்டம் ஒரு தண்டவாளத்தோடு இணைந்தது. பிறகென்ன, ஷார்ட்! பசை பல்சக்கரத்திலும் அப்பியிருந்தது.

தென்காசியில் ரீவைண்டிங் கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். "தம்பி, ஷாக் அடிக்காம இருக்க மட்டுமா டேப்பு? சூடு தாங்கணும்லா!" என்றார்.

அவர் சொன்னது சரி. கறுப்பு டேப் பொதுவாக 80 டிகிரி வரைக்கும்தான். வீட்டு ஒயரிங்குக்கு அது போதும்; எஞ்சின் வயிற்றுக்குள் ஆகாது. சால்டர் வைத்த இணைப்புக்குச் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ்தான் சரி. ஆனால் சால்டருக்கு முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும். மறக்காதவன் எவனும் இல்லை! சட்டத்தின்மேல் ஒட்ட, செல்போன் சர்வீஸ் கடைகளில் இருக்கும் தேன்நிறக் காப்டன் டேப். 200 டிகிரிக்கு மேலும் அசையாது. மெல்லியது, இடத்தையும் அடைக்காது. எதை ஒட்டினாலும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்; கடைசிச் சுற்றை இழுக்காதீர்கள்.

என் கருத்து இதுதான்: நம் லேப்களில் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு டேப் என்ற பழக்கம் ஒழிய வேண்டும். ஸ்டோரில் நாலு அளவு ஸ்லீவும் ஒரு காப்டன் சுருளும் இருக்கட்டும். இன்று பொம்மை ரயில், போகட்டும். நாளை நாம் கைவைக்கப் போவது நிஜ மோட்டார். அங்கேயும் "இது போதும்ல" என்போமா?

சாரல் நின்றால் மறுபடி வரும். நடுவர்கள் மறுபடி வரமாட்டார்கள், நண்பர்களே!