அடுப்பும் மின்விசிறியும் நோய்க்கணக்கில் வர வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் மின் இணைப்பு இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேஸ் இணைப்பும் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. இணைப்புகளை மட்டும் எண்ணினால் இங்கே எரிசக்தி வறுமை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த இணைப்பை மாதக் கடைசியில் பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. முடியாத வீட்டில் அது நோயாக முடிகிறது. ஆகவே இது எரிபொருள், மின்சாரத் துறைகளின் விவகாரம் மட்டுமல்ல, மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பும்கூட.

ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் சிலிண்டர் விருந்தாளிக்கு டீ போட. சோறும் குழம்பும் சீமைக்கருவேல விறகில். 2016இல் வந்த உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பைக் கொடுத்தது. அடுத்த சிலிண்டருக்குக் காசு வேண்டும். 2023 அக்டோபரில் மானியம் 300 ரூபாயாக உயர்ந்தது உண்மை. ஆனால் முழு விலையைக் கையிலிருந்து கொடுத்த பிறகே அது வங்கிக் கணக்குக்கு வருகிறது. கூலி வேலை செய்யும் வீட்டில் அந்த முதல் தொகைதான் இடிக்கிறது. ஊதுகுழலோடு குனிந்தே காலம் கழித்த பெண், பீடியைத் தொட்டதேயில்லை. அவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். குழந்தைக்கு நிமோனியா, எடை குறைந்த பிறப்பு, கண்புரை எல்லாவற்றிலும் விறகுப் புகைக்குப் பங்கு உண்டு. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

நகரத்துக் கதை வேறு. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் வீடுகளுக்கு இலவசம். நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள காம்பவுண்டில் அந்தச் சலுகை வாடகைக்காரர் வரை வருவதில்லை. சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் வாங்குகிறார்கள். வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நாலு வீட்டுப் பயன்பாடும் ஒரே கணக்கில் சேரும்போது கட்டணப் படி ஏறிவிடுகிறது. விளைவு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாத ராத்திரியில் மின்விசிறியை நிறுத்தி நிறுத்திப் போடுகிறார்கள். ஃபிரிட்ஜ் ஓட்டக் கட்டுப்படியாகாமல் இன்சுலின் மண்பானைத் தண்ணீரில் கிடக்கிறது.

தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், எரிச்சல் வரும், வீட்டில் சண்டை வரும். பாதிக் குழம்பில் கேஸ் தீர்ந்துவிடுமோ என்று சிலிண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதும் ஒருவகைப் பதற்றம்தான். பில் கட்டாத வீட்டில் தெருவே பார்க்க ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது வரும் அவமானத்துக்கு மாத்திரை கிடையாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்தப் பணியாளர்கள் அடுப்பையும் மின்விசிறியையும் பற்றி இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். பதிலைப் பதிவேட்டில் எழுதட்டும். ஏழை வீட்டுக்கு சிலிண்டர் மானியத்தைக் கழித்துக்கொண்டே விலை வாங்க வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் கோடை மாதங்களில் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

அரசாணை வரும்போது வரட்டும். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் இன்றே ஒன்று கேட்கிறோம்: மின்வாரிய ரசீதை வாடகைக்காரரிடம் காட்டுங்கள். அதில் உள்ள தொகையைப் பங்கிட்டு வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.